கட்டிப் பார்த்து, கழித்துப் பார்த்து: மலையகக் கடைகளில் பழைய வாட்சும் விலைகூடிய வாட்சும் வாங்கும் முறை

நான் முதன்முதலாக ஒமேகா சீமாஸ்டர் ஒன்றைக் கையில் கட்டிப் பார்த்தது கண்டியில். மூன்று நிமிடம் இருக்கும். அதில் இரண்டரை நிமிடம் கண்ணாடியில் என் கையை ரசித்தேன், மிச்ச அரை நிமிடத்தில் காசை எண்ணி வைத்தேன். அடுத்த கிழமை ஹட்டனில் பழக்கமான வாட்ச் ரிப்பேர் பாஸிடம் பெருமையாக நீட்டினேன். லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் செருகி ஒரு சுற்றுப் பார்த்தார். "தம்பி, வாட்சுக்கு அம்பது வயசு. டயலுக்கு ஒங்க மூத்த மகன் வயசுகூட இல்ல" என்றார். யாரோ பழைய டயலைச் சுரண்டி, புதிதாக அச்சடித்திருந்தார்கள். நான் கொடுத்ததோ அசல் டயலின் விலை.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு தடவையாவது ஏதாவது ஒரு கடைக்கு ஏறி இறங்குகிறேன். வாங்கியது ஏழு. கட்டிப் பார்த்தது நூற்றுக்கு மேல் இருக்கும். முதலாளி சொல்லும் தொகையில் பேச்சுத் தொடங்குகிறது, அவ்வளவுதான். வாட்சின் விலையை நாம்தான் கழித்துக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கழித்தலைச் செய்கிற வரிசை இது.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

மணிக்கட்டின் சுற்றளவை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். எனக்கு 16.5 சென்ரிமீற்றர். பிறகு அடிமட்டத்தை மணிக்கட்டின் மேற்பக்கம் குறுக்கே வைத்து, தட்டையான இடம் எத்தனை மில்லிமீற்றர் என்று பாருங்கள். இந்த இரண்டாவது அளவுதான் முக்கியம். வாட்சின் வட்டம் 40 மில்லிமீற்றர் என்று சொல்வார்கள். ஆனால் கையில் நிற்குமா நிற்காதா என்பதை முடிவு செய்வது, மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்பு வரையுள்ள நீளம். வார் பிடித்திருக்கிற அந்த நான்கு கொம்புகளும் கையைத் தாண்டி வெளியே நீட்டினால், எவ்வளவு நல்ல வாட்சானாலும் அப்பாவின் சப்பாத்தைப் போட்ட பிள்ளை மாதிரி இருக்கும்.

பார்க்கப் போகும் மொடலின் வெளிநாட்டு விலையை எழுதிக்கொள்ளுங்கள். ஈபேயில் 'விற்று முடிந்தவை' என்று தனியாகப் பிரித்துப் பார்க்கலாம், அதைப் பாருங்கள். குரோனோ24 போன்ற வாட்ச் விற்கும் இணையத்தளங்களில் தெரிவது விற்பவர் கேட்கும் விலை. கேட்கிற விலைக்கும் கைமாறுகிற விலைக்கும் சில நேரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஐந்தாறு விற்பனையைப் பார்த்து நடுவில் உள்ள தொகையை எடுத்து, அன்றைய டொலர் விலையால் பெருக்குங்கள். பழைய நினைப்பில் பெருக்க வேண்டாம். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அப்போது வாங்கியவர்கள் அந்த விலையிலேயே இன்னும் பேசுகிறார்கள், அதற்கு முன் வாங்கியவர்கள் வேறொரு விலையில் பேசுகிறார்கள்.

பையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், சின்ன டோர்ச், மெல்லிய துணி. கையில் காப்பு இருந்தால் கழற்றிவிட்டுப் போங்கள். கதிர்காமத்தில் போட்ட காப்பு என்றால் மனம் வராது, அப்படியானால் மற்றக் கையில் மாற்றிக்கொள்ளுங்கள். காப்பு உரசிக் கோடு விழுந்த வாட்சை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று முதலாளி நின்றால் நம்மிடம் பதில் இருக்காது.

எந்தக் கடை, எந்த நாள்

ஹட்டன், பதுளை, பண்டாரவளை போன்ற டவுன்களில் புது வாட்ச் என்றால் பெரும்பாலும் சீக்கோ, சிட்டிசன், கசியோ. சுவிஸ் பெயர்களைப் புதிதாக வாங்க கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். போனதும், அந்தக் கம்பனியின் இணையத்தளத்தில் அங்கீகரித்த கடைகளின் பட்டியலில் இந்தக் கடை இருக்கிறதா என்று அங்கேயே தொலைபேசியில் பார்த்துவிடுங்கள். பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

பழைய வாட்ச் கிடைக்கிற இடங்கள் வேறு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே, கண்ணாடிக் கூட்டுக்குள் குனிந்திருக்கும் வாட்ச் பாஸ்மார்தான் முதல் வாசல். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வராமல் போனவை, விற்றுத் தரச் சொல்லி ஆட்கள் விட்டுப்போனவை எல்லாம் அவர்களுடைய லாச்சியில் கிடக்கும். நுவரெலியாவில் பழைய சாமான் கடைகளும் உண்டு. அங்கே ஏப்ரல் சீசனில் போகாதீர்கள். உல்லாசப் பயணிக்கு வைத்த விலையை உங்களுக்கும் சொல்வார்கள்.

நாளும் முக்கியம். பத்தாந்தேதிச் சம்பளத்தை ஒட்டிய நாட்களும், தீபாவளி முற்பணம் கொடுக்கிற கிழமையும் தோட்டத்தை நம்பிய டவுன் கடைகளில் நிற்க இடமிருக்காது. சாதாரண நாளில் காலை பத்து மணிக்குப் போங்கள். முதலாளிக்குப் பேச நேரம் இருக்கும், உங்களுக்குச் சூரிய வெளிச்சம் இருக்கும். கடையின் மஞ்சள் பல்பு எந்த டயலையும் அழகாக்கும்.

கேட்கும் விதம்

இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்த எங்களில் பலருக்கு, ஏசி போட்ட கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதிலேயே ஒரு தயக்கம். "வாங்குவீங்களா, சும்மா பாக்கவா?" என்று ஒரு விற்பனைப் பையன் என்னைக் கேட்டிருக்கிறான். "பாத்தாத்தானே தம்பி வாங்க முடியும்" என்றேன். கட்டிப் பார்ப்பதற்குக் காசு கிடையாது. அதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

"முதலாளி, இதக் கட்டிப் பாக்கலாமா?" போதும். முஸ்லிம் கடை என்றால் முதலாளிக்குப் பதில் "நானா". சிங்களக் கடை என்றால் "தாலா பலன்ன புளுவன்த?" என்று கேட்டால் முகமே மாறும். விலையை அப்போது கேட்காதீர்கள். விலையைக் கேட்டவுடன் அந்தத் தொகை மண்டைக்குள் ஏறிவிடும், பிறகு கண் சரியாகப் பார்க்காது.

உட்கார இடமிருந்தால் உட்காருங்கள். துணி விரித்த தட்டுக்கு மேலேயே வாட்சை வைத்துப் பாருங்கள், தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டாம். வாட்சின் பக்கவாட்டில் திருகும் சாவியைக் கேட்காமல் இழுக்காதீர்கள். தேதி காட்டும் பழைய வாட்ச் என்றால் இன்னும் கவனம்: முள் இரவு ஒன்பதுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் இடையில் நிற்கும்போது தேதியை விரைவாக மாற்றினால் உள்ளே பல்சக்கரம் உடையலாம். நின்றுபோன வாட்சில் அது பகலா இரவா என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. முதலாளியையே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கையில் கட்டியதும்

மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாகக் கட்டுங்கள். கையை மடக்கி மேசையில் ஊன்றுங்கள். சாவி புறங்கையில் குத்துகிறதா? வாருக்கும் கைக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி நுழைந்தால் அளவு சரி. பிறகு எழுந்து, ஆளுயரக் கண்ணாடியில் முழு உடம்போடு பாருங்கள். குனிந்து பார்க்கும்போது எல்லா வாட்சும் பெரிதாகத்தான் தெரியும். கிட்டே வைத்து எடுத்த தொலைபேசிப் படம் அதைவிட மோசம்.

நம் பக்கத்துக்கென்று இரண்டு சங்கதி உண்டு. ஒன்று குளிர். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காலை ஏழு மணிக்குக் கை சுருங்கியிருக்கும், கண்டியில் பிற்பகல் இரண்டு மணிக்குப் புடைத்திருக்கும். கண்டியில் செயினின் கண்ணிகளை இறுக்கமாக வெட்டிக்கொண்டு வந்தால் வீட்டில் வளையல் மாதிரி சுற்றும். கழற்றிய கண்ணிகளையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கிடைக்காது. இன்னொன்று ஸ்வெட்டர். தண்ணீருக்குள் முழுகுவதற்கென்று செய்த 14 மில்லிமீற்றர் தடிப்புள்ள வாட்சுகள் ஸ்வெட்டர் கைக்குள் நுழையாது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள்.

பழைய வாட்ச் சின்னதாக இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் ஆண்களின் வாட்ச் 33 முதல் 36 மில்லிமீற்றர்தான். ரொலெக்ஸ் டேட்ஜஸ்ட்டே 36. "பொம்பள வாட்ச்" என்று என் மைத்துனர் சிரித்த ஒன்றை நான் ஒன்பது வருடமாகக் கட்டுகிறேன்.

லூப்பை எடுக்கும் நேரம்

பழைய வாட்சின் மதிப்பில் பெரும் பங்கு டயலில் இருக்கிறது. நான் ஏமாந்ததும் அங்கேதான். லூப்பை வைத்து, முதலில் ஆறு மணிக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். சுவிஸ் தயாரிப்பு என்று சொல்லும் அந்த வரி விளிம்போடு ஒட்டி, கூர்மையாக இருக்க வேண்டும். என்னுடைய சீமாஸ்டரில் அந்த வரியே இல்லை. நிமிடக் கோடுகளோ, உலோகத்தில் பதித்த மணிக் குறிகளுக்கு நேரே வராமல், நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் பக்கத்தில் ஒரு மயிரிழை விலகி நின்றன. எழுத்தின் மை உப்பி, ஓரம் பிசிறியிருந்தது. இன்று பார்த்தால் தூரத்திலிருந்தே கண்ணைக் குத்துகிறது.

டோர்ச்சை ஐந்து விநாடி டயலில் அடித்துவிட்டு, இரண்டு கையையும் கூட்டி இருட்டாக்கி உள்ளே பாருங்கள். 1960கள் வரை இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள், அதற்குப் பிறகு டிரிட்டியம். டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12 வருடத்துக்குச் சற்றுக் கூட. எனவே 1970இன் வாட்ச் என்று கொடுத்தது மின்மினி மாதிரி பளிச்சென்று ஒளிர்ந்தால், பூச்சு புதிது. ரேடியத்தின் கதை வேறு: ஒளி செத்திருக்கும், கதிர்வீச்சு சாகாது, அதன் அரைவாழ்வு 1600 வருடம். கட்டலாம், ஆனால் கண்ணாடியைக் கழற்றி அந்தப் பூச்சைச் சுரண்டுகிற வேலை வேண்டாம். முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் ஒரே நிறமா என்றும் பாருங்கள். டயல் பழுப்பு, முள் பச்சை என்றால் முள் வேறு வீட்டுப் பிள்ளை.

ஒமேகாவுக்கு ஒரு சின்ன அடையாளம் உண்டு. பழைய அசல் பிளாஸ்டிக் கண்ணாடியின் நட்ட நடுவில், முள்கள் பூட்டியிருக்கும் இடத்துக்கு நேர் மேலே, கடுகைவிடச் சிறிய ஒமேகாச் சின்னம் பதிந்திருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். இல்லையென்றால் கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, கழிக்க வேண்டிய ஒரு சிறு தொகை.

சீக்கோதான் நம் பக்கத்தில் அதிகம் கிடைப்பது, வாசிக்க இலகுவானதும் அதுவே. பின்மூடியில் இரண்டு எண் இருக்கும். மொடல் எண்ணின் முதல் நான்கு இலக்கம் உள்ளே உள்ள இயந்திரம்: 6309, 7009 என்று. டயலின் அடி விளிம்பில் உள்ள பொடி எண்ணும் அதே நான்கு இலக்கத்தில் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் இரண்டு வாட்சைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 82 என்றால் எட்டில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் பெப்ரவரி. எந்தப் பத்தாண்டு என்பதை இயந்திரத்தின் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒக்டோபருக்கு வட்டம், நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி.

இந்த எண் ஒருநாள் எனக்கு நன்றாக உதவியது. "1968ல ஊருக்குப் போன வெள்ளக்கார துரை எங்க அப்பாவுக்குக் குடுத்தது" என்று ஒருவர் கண்கலங்கி ஒரு சீக்கோவைக் காட்டினார். பின்மூடியில் 7எஸ்26. அந்த இயந்திரம் வந்ததே 1996இல். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுக்குப் போன பிறகு ஊருக்குப் போன துரைமார் எத்தனையோ பேர். ஆனால் அவர்கள் விட்டுப்போனதாகக் கடைகளில் சொல்லப்படும் வாட்சுகள் அவர்களுடைய கைகளின் எண்ணிக்கையைவிடக் கூட.

பளபளவென்று சிவப்பு, நீலம், கிளிப்பச்சை டயலோடு சீக்கோ 5, எச்எம்டி கிடைத்தால், பெரும்பாலும் இந்தியாவில் திரும்பப் பெயின்ட் அடித்தவை. எச்எம்டி 1961இல் சிட்டிசனோடு சேர்ந்து தொடங்கிய நல்ல உழைப்பாளி வாட்ச். கட்டிக்கொள்ள வாங்கலாம், சேகரிப்பு விலை கொடுக்காதீர்கள்.

இனி பின்மூடி. "தொறந்து காட்டுங்க" என்று கேளுங்கள். பழைய வாட்சைத் திறக்க மறுக்கும் கடையில் நான் வாங்குவதில்லை. மூடியின் உட்பக்கம் ஊசியால் கீறிய எண்களும் தேதிகளும் இருந்தால் அவை சேர்விஸ் செய்தவர்களின் கையெழுத்து. நம் பக்கத்தில் தேட வேண்டியது துரு. பனியும் மழையும் சாவி நுழையும் ஓட்டை வழியாகத்தான் இறங்கும். அந்தத் தண்டைச் சுற்றிச் செம்பழுப்பாக இருந்தால், இன்று ஓடும், அடுத்த மழைக்காலத்தில் நிற்கும். கடைக்குள் கையில் கட்டி வைத்திருந்துவிட்டு வாசலுக்கு வந்து குளிர்காற்றில் காட்டும்போது கண்ணாடியின் உட்பக்கம் மெல்லிய ஆவி படிந்தால் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருக்கிற பாஸிடம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்கப் படுக்க வைத்தால், உள்ளே முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தின் அசைவு 270 முதல் 310 பாகை வரை வருவது ஆரோக்கியம். சீக்கோவுக்குச் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. 200க்குப் பக்கத்தில் என்றால் சேர்விஸ் செலவு நிச்சயம். பழைய வாட்ச் ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின் ஓடினால் நான் சண்டை போடமாட்டேன்.

கடைசியாக உருவம். கொம்புகளின் ஓரம் கத்திபோல் இருந்த வாட்சை, பொலிஷ் மெஷினில் திரும்பத் திரும்பப் பிடித்துச் சவர்க்காரக் கட்டி மாதிரி ஆக்கிவிடுவார்கள். மினுக்கத்தில் மயங்காதீர்கள். கோடு விழுந்த கூர்மையான உருவத்துக்கே விலை அதிகம். பின்மூடியில் தோட்டத்தின் பெயரும் இத்தனை வருடச் சேவைக்கு என்றும் பொறித்திருந்தால் சந்தையில் விலை குறையும். கணக்கப்பிள்ளையாக இருந்த என் தாத்தாவின் ரோமர் வாட்சில் அப்படி ஒரு வரி இருக்கிறது. அதை உரசி எடுத்துத் தருகிறேன் என்று சொன்ன கடையிலிருந்து வாட்சைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன்.

தங்க வாட்ச் என்றால்

முதலில் முத்திரை. 750 என்றால் 18 கரட், 585 என்றால் 14. '20 மைக்ரோன்' என்று இருந்தால் அது முலாம், கொம்பு நுனியில் பித்தளையோ வெள்ளை உலோகமோ எட்டிப் பார்க்கும். அசல் தங்கமானால் ஒரு கணக்கு: 18 கரட் உறை 10 கிராம் என்றால் சுத்தத் தங்கம் 7.5 கிராம். 22 கரட் பவுன் ஒன்றின் 8 கிராமில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். ஆக, இயந்திரமும் கண்ணாடியும் வாரும் நீங்கிய 10 கிராம் உறை கிட்டத்தட்ட ஒரு பவுன். அன்றைய பவுன் விலைதான் அந்த வாட்சின் தரைமட்டம். விற்கப் போகும்போது இதற்குக் கீழே கேட்டால் எழுந்து வாருங்கள்.

ரொலெக்ஸ் என்று சொன்னால்

புதிதை அங்கீகரித்த கடைக்கு வெளியே வாங்க நினைப்பவர்களுக்கு என் புத்திமதி சுருக்கம்: வேண்டாம். பழையது என்றால், செயினைக் கழற்றச் சொல்லுங்கள். கொம்புகளுக்கு நடுவில் பன்னிரண்டு மணிப் பக்கம் மொடல் எண்ணும், ஆறு மணிப் பக்கம் தொடர் எண்ணும் சுத்தமாக வெட்டியிருக்க வேண்டும். 2000களின் நடுப்பகுதியிலிருந்து தொடர் எண் டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்துக்குப் போனது. தேதிக்கு மேலுள்ள குமிழ் இரண்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும், போலிகளில் பல அவ்வளவு காட்டாது. இதெல்லாம் சரியாக இருந்தும் போலியாக இருக்கலாம். திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் காசை வெளியே எடுக்காதீர்கள்.

விலை பேசுவது

இப்போது கேளுங்கள். ஒரு கணக்கைக் காட்டுகிறேன், தொகைகள் விளக்கத்துக்கு மட்டும். சுத்தமான ஒரு சீமாஸ்டர் வெளிநாட்டில் 600 டொலருக்குக் கைமாறுகிறது, டொலர் 300 ரூபா என்று வைப்போம்: 1,80,000. டயல் திரும்ப அச்சடித்தது, நான் பாதியைக் கழிப்பேன்: 90,000. அசைவு 200 பாகை, சேர்விஸுக்கு 20,000 கழிய 70,000. சாவி அசல் இல்லை, இன்னொரு 5,000. மிச்சம் 65,000. முதலாளி 1,40,000 சொல்கிறார். நான் 55,000இல் தொடங்குவேன், 65,000க்கு மேல் ஏறமாட்டேன்.

கழிக்கிற ஒவ்வொன்றையும் லூப்பைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். குறை சொல்லும் தொனி வேண்டாம். "இந்தக் கோடு மட்டும் ஏன் தள்ளி நிக்குது முதலாளி?" என்று கேட்டால் அவரே விலையைக் கொஞ்சம் இறக்குவார். கடைசியாக ஒரு கேள்வி, இதை மறக்காதீர்கள்: "நாளைக்கே இதத் திருப்பிக் கொண்டாந்தா எவ்வளவுக்கு எடுப்பீங்க?" அவர் சொல்லும் தொகைக்கும் கேட்ட தொகைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது அவர் கூலி. நியாயமான கூலியைக் கொடுக்கலாம். பாதிக்குப் பாதி என்றால் வாட்சில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

புது வாட்சில் பேச இடம் குறைவு. சொன்ன விலையில் 18 சதவீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், 2024 ஜனவரியிலிருந்து அதுதான் வீதம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் உத்தரவாதமும் இல்லாமல்தான் தருகிறார். விலை இறங்காவிட்டால் கூடுதல் வார், கண்ணி வெட்டும் கூலி, அடுத்த சேர்விஸில் கழிவு என்று வேறு பக்கமாகக் கேளுங்கள்.

ஒத்து வராவிட்டால் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள். பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ குடியுங்கள். என்னுடைய ஏழில் மூன்று அந்தத் தேநீர் முடிவதற்குள் வந்த அழைப்பில் வாங்கியவை.

பில்

பில்லில் மொடல் எண், தொடர் எண், 'டயல் திரும்ப அச்சடித்தது' என்பது போன்ற அவர் ஒப்புக்கொண்ட குறைகள், எத்தனை நாளைக்குள் திருப்பலாம் என்பது, கடை முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். பழைய வாட்ச் என்றால் விற்றவரின் அடையாள அட்டை எண்ணைக் கடையில் பதிந்து வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். களவுச் சாமான் என்று நாளைக்குப் பொலிஸ் வந்தால் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான்.

வீட்டுக்கு வந்ததும் தோல் வாரைக் கழற்றுங்கள். நம் மழைக்கு ஒரே மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வாட்சை அலுமாரியில் பூச்சி உருண்டைகளோடு போடாமல், மூடி இறுகும் பிஸ்கட் டின்னில் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற அந்தப் பொட்டலங்களை இப்போது என் மனைவியே சேர்த்துத் தருகிறாள். அந்த டின்னில் அடியில் கிடப்பது என் முதல் சீமாஸ்டர். போன மாசியில் பாஸிடம் சும்மா விலை கேட்டேன். "டயல மறைச்சுப் பிடிச்சா ஒரு விலை தம்பி, காட்டினா ஒரு விலை" என்றார்.